மாதம் 3 துண்டு: ஒரு முதல் சம்பளக்காரரின் வரவுசெலவு – நிகழ்வு ஆய்வு

சம்பளம் 100. செலவு 103. இந்த ஆய்வு முழுவதும் அந்த 3 பற்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் வருபவர் குறிப்பிட்ட ஒரு தனிமனிதர் இல்லை. வேலைக்குச் சேர்ந்து முதல் இரண்டு மூன்று வருடங்களில் இருப்பவர்களின் கணக்குகளில் மறுபடி மறுபடி வரும் சிக்கல்களை ஒரே ஆளின் மேல் ஏற்றி, எண்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி அமைத்த மாதிரி நிகழ்வு இது. எந்த நாட்டுப் பணத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதால், கைக்கு வரும் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்திருக்கிறேன். மற்ற எல்லாத் தொகைகளும் அந்த 100இன் பங்குகள். உங்கள் சம்பளத்தை அந்த இடத்தில் போட்டுப் பார்த்தால் உங்கள் கணக்கு வந்துவிடும்.

நிலைமை

வயது 24. வீட்டைவிட்டு வெளியூரில் வேலை. இன்னொருவரோடு சேர்ந்து வாடகை வீடு. படிப்புக்கு வாங்கிய கடன் நடந்துகொண்டிருக்கிறது. 1ஆம் தேதி சம்பளம். அவர் மனதில் வைத்திருந்த கணக்கு இப்படி: வாடகையில் தன் பங்கு 32, கல்விக்கடன் தவணை 12, பெற்றோருக்கு 10, போக்குவரத்து 9, மின்சாரமும் தண்ணீரும் 4, போனும் இணையமும் 3. கூட்டினால் 70. சாப்பாட்டுக்கு 20. ஆக 90. மீதி 10இல் பாதியைச் செலவழித்து, பாதியைச் சேமிக்கலாம்.

கணக்கில் தப்பே இல்லை. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் சேமிப்பு பூஜ்யம், கிரெடிட் கார்டில் பாக்கி 48. அதாவது அரை மாதச் சம்பளம். ஒவ்வொரு மாதமும் 22, 23ஆம் தேதி வாக்கில் கை வறண்டுவிடுகிறது. அப்புறம் கார்டு, அல்லது நண்பர்களிடம் கைமாற்று.

அவர் இதற்குச் சொன்ன காரணம் எல்லாரும் சொல்வதுதான்: "எனக்குக் கட்டுப்பாடு இல்லை. வெளியே போவதைக் குறைக்கணும்." சுற்றியிருந்தவர்கள் சொன்னதும் அதே. இரண்டு தடவை அதைச் செய்தும் பார்த்தார். வெளியே போவதை அடியோடு நிறுத்தினார். முதல் தடவை மூன்று வாரம் தாங்கியது, அடுத்த தடவை ஒரு மாதம். இரண்டு தடவையும் அதற்கடுத்த மாதம் அந்தச் செலவு பழையதைவிட அதிகமானது. தன்மேலேயே ஒரு வெறுப்பு வந்ததுதான் மிச்சம்.

12 மாத அறிக்கையை விரித்தபோது

ஒரு மாதக் கணக்கைப் பார்த்தால் இந்தச் சிக்கல் தெரியவே தெரியாது. 12 மாத வங்கி அறிக்கையும் கார்டு அறிக்கையும் வேண்டும். இந்த ஆய்வில் அதிக நேரம் எடுத்த வேலையும், அதிகப் பலன் தந்த வேலையும் இதுதான். மாதாமாதம் வராத செலவுகளை மட்டும் தனியாக எடுத்து எழுதினோம்.

வேலைக்கான உடை, காலணி 14. பெற்றோரைப் பார்க்க இரண்டு பயணம் 16. பல் சிகிச்சை 18. உடைந்த போன் திரை 9. காப்பீட்டின் ஆண்டுப் பிரீமியம் 12. பரிசுகள் 15. தொழில் தேர்வுக் கட்டணம் 12. மொத்தம் 96.

ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் முழுக்க! அவருடைய மனக்கணக்கில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. ஒவ்வொன்றைப் பற்றிக் கேட்டபோதும் "அது எப்பவாவது ஒரு தடவை வர்ற செலவுதானே" என்றார். உண்மைதான், பல் சிகிச்சை ஒரு தடவைதான், போன் திரையும் ஒரு தடவைதான். ஆனால் 'எப்பவாவது ஒரு தடவை' வகையில் ஏதாவது ஒன்று ஏறக்குறைய எல்லா மாதமும் வந்திருக்கிறது. அபிகெய்ல் சஸ்மன், ஆடம் ஆல்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது: வழக்கமான செலவுகளை மக்கள் ஓரளவு சரியாகவே மதிப்பிடுகிறார்கள், வழக்கத்துக்கு மாறான செலவுகள் எத்தனை முறை வரும் என்பதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொன்றையும் தனி விதிவிலக்காகப் பார்ப்பதால், விதிவிலக்குகளின் கூட்டுத்தொகை கண்ணில் படுவதில்லை.

96ஐ 12ஆல் வகுத்தால் மாதம் 8. இப்போது உண்மையான கணக்கு: நிலையான செலவு 70, சாப்பாடு 20, விட்டுவிட்டு வரும் செலவு 8, வெளியே போவது முதலான சில்லறைச் செலவு 5. மொத்தம் 103. மாதம் 3 துண்டு விழுகிறது.

வருடத்துக்கு 36. அப்படியானால் கார்டு பாக்கி ஏன் 48? மீதி 12 வட்டியும் அபராதமும். மாதம் 3 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், மாதாமாதம் 3 சேர்ந்துகொண்டே போகும் பாக்கிக்கு ஒரு வருடத்தில் வட்டி மட்டும் ஆறரை ஆகிறது. மிச்சம் ஐந்தரை, தாமதக் கட்டணமும், கணக்கில் பணம் போதாமல் கல்விக்கடன் தவணை திரும்பியதற்கான அபராதமும். மாதம் 3 சதவீதம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். கூட்டு வட்டியில் அது ஆண்டுக்கு 42.6 சதவீதம்.

தேதிகள்

தவணை ஏன் திரும்பியது? சம்பளத்துக்குள் அடங்கும் தவணைதானே? இந்தக் கேள்விதான் இந்த நிகழ்வின் இரண்டாவது பாதியைத் திறந்தது.

2ஆம் தேதி பெற்றோருக்கு 10 போகிறது. 5ஆம் தேதி வாடகை 32. 8ஆம் தேதி மின்சாரம், போன் எல்லாம் சேர்த்து 7. 10ஆம் தேதி கல்விக்கடன் 12 தானாகப் பிடித்தமாகிறது. ஆக 61 போய்விட்டது. இந்தப் பத்து நாளில் சாப்பாடு, போக்குவரத்து, சில்லறை எல்லாம் சேர்த்து ஒரு 13. 10ஆம் தேதி இரவு கணக்கில் 26 இருக்கிறது.

26 என்று பார்க்கும்போது மனம் தளர்கிறது, பெரிய செலவெல்லாம் முடிந்ததே என்று. ஆனால் மீதி 20 நாளுக்குச் சாப்பாடு 13, போக்குவரத்து 6. இந்த 19 ஏற்கெனவே போய்விட்ட பணம், இன்னும் வெளியேறவில்லை, அவ்வளவுதான். உண்மையில் கையில் இருப்பது 7. அந்த 7இலிருந்துதான் சில்லறைச் செலவின் மிச்சமும் வரவேண்டும், அந்த மாதம் எந்த 'ஒரு தடவைச் செலவு' வருகிறதோ அதுவும் வரவேண்டும்.

பல் சிகிச்சை நடந்த மாதத்தைப் பாருங்கள். மாத ஆரம்பத்தில் முந்தைய மாதக் கைமாற்று 10ஐத் திருப்பிக் கொடுத்தார். 3ஆம் தேதி சிகிச்சைக்கு 18. 10ஆம் தேதி தவணைக்கு 12 வேண்டும், கணக்கில் இருந்தது 10. வெறும் 2 குறைந்ததற்காகத் தவணை திரும்பியது, அபராதம் விழுந்தது. அந்த மாதம் அவர் ஒரு சினிமாவுக்குக்கூடப் போகவில்லை.

இதைக் 'கட்டுப்பாடு இல்லாத குணம்' என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். நெருக்கடியில் இருப்பவரின் குணத்தைக் குறை சொல்வது சுலபம், ஆனால் நெருக்கடியே முடிவெடுக்கும் திறனைத் தின்கிறது. அனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். அதே மனிதர்கள், அறுவடைக்கு முன் கையில் காசு இல்லாத காலத்தில் சிந்தனைத் திறன் சோதனைகளில் மோசமாகச் செய்தார்கள், பணம் வந்த பின் நன்றாகச் செய்தார்கள். மாத ஆரம்பத்தில் நிதானமாக இருப்பவர் 25ஆம் தேதி அவசரப்பட்டு ஏதாவது செய்வதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். அதனால், 25ஆம் தேதி மன உறுதியோடு இருக்கச் சொல்லும் எந்தத் திட்டமும் இங்கே எடுபடாது. முடிவுகளை 1ஆம் தேதியே எடுத்து முடித்துவிட வேண்டும்.

எதைக் குறைத்தோம், எதைத் தொடவில்லை

பலருக்கும் தெரிந்த ஒரு பங்கீடு உண்டு: தேவைக்கு 50, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கும் கடனுக்கும் 20. அமெரிக்காவில் எலிசபெத் வாரனும் அவர் மகள் அமெலியா வாரன் தியாகியும் 2005இல் முன்வைத்தது. நல்ல அளவுகோல்தான், ஆனால் இவருடைய தேவையே 90. இவரிடம் போய் 50:30:20 பேசினால், வாழ்க்கையே தோல்வி என்றுதான் அவருக்குக் கேட்கும். அதை ஒதுக்கிவைத்தோம்.

சாப்பாட்டின் 20ஐத் தொடவில்லை. எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857இலேயே கவனித்தது இது: வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டின் பங்கு கூடும். குறைந்த சம்பளத்தில் 20 என்பது ஏற்கெனவே இறுக்கிப் பிடித்த எண். அதில் கைவைத்தால் அந்தக் காசு வேறு ரூபத்தில் மருத்துவச் செலவாகத் திரும்பி வரும்.

குறைந்தவை இவை. போக்குவரத்து 9இலிருந்து 6 ஆனது. தினம் தினம் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தவர் மாதப் பாஸ் வாங்கினார். இத்தனை நாள் ஏன் வாங்கவில்லை? பாஸுக்கு 1ஆம் தேதி மொத்தமாக 6 கொடுக்க வேண்டும், அந்த வாரம்தான் எல்லாப் பில்லும் வரிசையில் நிற்கும். கையில் மொத்தமாகக் காசு இல்லாதவர் அதிக விலை கொடுக்கும் இடங்களில் இது ஒன்று. போன் திட்டத்தை மாற்றியதில் 1. பார்க்காமலே காசு போய்க்கொண்டிருந்த இரண்டு சந்தாக்களை நிறுத்தியதில் சில்லறைச் செலவு 5இலிருந்து 4 ஆனது. மகிழ்ச்சிக்காகச் செய்யும் எந்தச் செலவையும் குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

விட்டுவிட்டு வரும் செலவில் தேர்வுக் கட்டணம் மறுபடி வராது. பயணத்தை முன்கூட்டியே பதிவு செய்தால் 4 மிச்சம். பரிசுகளை 15இலிருந்து 9 ஆக்கினார். அது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. எல்லாம் போக வருடத்துக்கு 74, மாதம் 6 ஒதுக்கினால் ஏறக்குறையச் சரி. பல் சிகிச்சையின் 18ஐக் கழிக்கவில்லை. பல்வலி வராமல் போகலாம், அதே அளவில் வேறு ஒன்று வரும்.

பெற்றோருக்கு அனுப்பும் 10 பற்றி நீண்ட நேரம் பேசினோம். கணக்கு மட்டும் பார்ப்பவர் அதைத்தான் முதலில் வெட்டச் சொல்வார். அவர் மறுத்தார், நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஒன்று கேட்டுக்கொண்டேன்: கடன் இருப்பதை வீட்டில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் அனுப்பும் 10, திடீரென்று ஒரு மாதம் 15 ஆகலாம், வீட்டில் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. சொல்லிவிட்டால் அந்த 10க்கு ஒரு வரம்பு கிடைக்கிறது. சொன்னார். அவர் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

புதிய கணக்கு: நிலையானவை 66, சாப்பாடு 20, விட்டுவிட்டு வருபவைக்கு ஒதுக்கு 6, சில்லறை 4. மொத்தம் 96. மீதி 4 கார்டுக் கடனுக்கு.

பணம் ஓடும் வழி

எண்களை மாற்றியது பாதி வேலைதான். பணம் எந்தத் தேதியில் எந்த வழியாகப் போகிறது என்பதையும் மாற்றினோம்.

கல்விக்கடன் தவணைத் தேதியை 10இலிருந்து 3ஆக மாற்றித்தரும்படி கடன் கொடுத்த இடத்தில் எழுதிக் கேட்டார், கிடைத்தது. கேட்டால் செய்துகொடுப்பார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. கார்டைக் கைப்பையிலிருந்து எடுத்து வீட்டில் வைத்தார், இணையக் கடைகளில் சேமித்து வைத்திருந்த கார்டு விவரங்களையும் அழித்தார். சம்பளம் வந்த அன்றே, விட்டுவிட்டு வரும் செலவுக்கு ஒதுக்கிய 6 தனிக் கணக்குக்குப் போகும்.

அப்புறம் வாரக் காசு. சாப்பாடும் சில்லறையும் சேர்த்து மாதம் 24. இதை மாதத் தொகையாக வைத்தால் முதல் பத்து நாளில் கை தாராளமாகிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஐந்தரை மட்டும் செலவுக் கணக்குக்கு மாறும்படி வங்கியிலேயே ஏற்பாடு செய்தார். செலவுக் கணக்கில் தெரியும் எண் இப்போது பொய் சொல்லாது. ஒரு வாரம் அதிகம் செலவானால் அந்த வாரக் கடைசியில் இரண்டு நாள் இறுக்கமாக இருக்கும், திங்கட்கிழமை மறுபடி புதிதாகத் தொடங்கலாம். முன்பு போல் பத்து நாள் தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு சின்னச் செலவையும் எழுதிவைக்கும் பழக்கத்தை நான் அவரிடம் கேட்கவே இல்லை. அது சிலருக்குப் பொருந்தும். களைத்து வீடு திரும்பும் ஒருவருக்கு இன்னொரு வீட்டுப்பாடம் கொடுத்தால் இரண்டு வாரத்தில் விட்டுவிடுவார், விட்டதற்காக மனம் வேறு நோவார்.

கடன் 48 இருக்கும்போது மாதம் 6ஐத் தனியாகச் சும்மா வைப்பது சரியா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தனிக் கணக்கில் சராசரியாக 10 இருக்கிறது என்றால், அதைக் கடனில் கட்டாததால் போகும் வட்டி மாதம் 0.3. அந்த 0.3ஐக் கொடுத்து அவர் வாங்குவது இதுதான்: அடுத்த 'ஒரு தடவைச் செலவு' வரும்போது கார்டை வெளியே எடுக்க வேண்டியதில்லை. கார்டு பாக்கி இறங்குமுகமாகவே இருக்கிறது. அது ஒருமுறை மறுபடி ஏறினால், முழுத் திட்டத்தையும் கைவிடும் மனநிலை வந்துவிடும். 0.3 அதற்கு அதிகமில்லை என்பது என் முடிவு.

குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. பாக்கியில் 5 சதவீதம் கட்டி, 3 சதவீத வட்டி ஏறினால், கார்டைத் தொடாமலே இருந்தாலும் பாக்கி பாதியாவதற்குக் கிட்டத்தட்ட 3 வருடம் ஆகும். நிலையாக 4 கட்டினால் மொத்தமும் 15 மாதத்தில் முடிகிறது. பாக்கி குறையும்போது கட்டும் தொகையும் குறைந்துகொண்டே போவதுதான் குறைந்தபட்சத் தொகையின் பொறி.

பத்து மாதம்

மூன்றாம் மாதம் காய்ச்சலுக்கு மருத்துவரும் புதுக் காலணியும் சேர்ந்து 9. தனிக் கணக்கில் 18 இருந்தது. ஐந்தாம் மாதம் பிரீமியம் 12, அதுவும் அங்கிருந்தே போனது. நான்காம் மாதம் ஒரு வாரம் செலவு கைமீறியது, அடுத்த வாரத்துக்குள் சரியானது. இவற்றில் சொல்ல வேறு ஒன்றுமில்லை. ஆறு மாத முடிவில் கார்டு பாக்கி 48இலிருந்து 31 சொச்சம்.

ஏழாம் மாதம் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம். மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, இவர் பங்கு 32இலிருந்து 26 ஆனது. இந்த ஒரே முடிவு, அதுவரை செய்த எல்லாச் சின்ன மாற்றங்களையும் சேர்த்த அளவுக்குக் கிட்டத்தட்ட வந்தது. இடம் நெருக்கடி, தனிமை குறைவு. அதைச் சின்ன இழப்பாக நான் எண்ணவில்லை, அவரும் எண்ணவில்லை. ஒரு வருடத்துக்கு மட்டும் என்று முடிவெடுத்தார். கார்டுக்குக் கட்டுவது மாதம் 10 ஆனது, பத்தாம் மாதம் பாக்கி முடிந்தது. மாதம் 4ஆகவே தொடர்ந்திருந்தால் இன்னும் ஐந்து மாதம் ஆகியிருக்கும்.

நடுவில் எட்டாம் மாதம்தான் உண்மையான சோதனை. சம்பளம் 9ஆம் தேதிதான் வந்தது. தனிக் கணக்கில் 21. 3ஆம் தேதி தவணை 12, 5ஆம் தேதி வாடகை 26. இரண்டையும் கட்ட முடியாது. எது தாமதமானால் என்ன ஆகும் என்று வரிசைப்படுத்தினோம். தவணை திரும்பினால் அபராதமும் உண்டு, கடன் வரலாற்றிலும் பதியும். வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசலாம். 2ஆம் தேதியே அவரிடம் சொல்லி 9ஆம் தேதி வரை அவகாசம் வாங்கினார். பெற்றோரிடமும் ஒரு வாரம் தள்ளிப்போகும் என்றார். தவணைக்கு 12, வாரக் காசு ஐந்தரை, பாஸ் இல்லாமல் டிக்கெட்டுக்கு 2. ஒன்றரை மிச்சமிருக்கும்போது சம்பளம் வந்தது, எடுத்ததெல்லாம் அன்றே தனிக் கணக்குக்குத் திரும்பியது. முந்தைய வருடம் இதே தாமதம் வந்திருந்தால் தவணை திரும்பி, வாடகை கைமாற்றில் போய், கார்டில் முடிந்திருக்கும்.

இந்த வழி எங்கே உதவாது

இவருக்குத் துண்டு விழுந்தது 100க்கு 3. அதனால் சரிசெய்ய முடிந்தது. வாடகையும் சாப்பாடும் கடனுமே 110 ஆகிறவருக்கு, அல்லது நோயாளி ஒருவரைத் தனியாகத் தாங்குகிறவருக்கு, இந்தப் பட்டியல்கள் எதையும் தராது. அவருக்கு வேண்டியது கூடுதல் வருமானம், கடன் தவணையைக் குறைக்கும் மறுசீரமைப்பு, அரசு அல்லது குடும்ப உதவி. அப்படிப்பட்டவரிடம் சிக்கனம் பேசுவது அநியாயம். வருமானம் மாதத்துக்கு மாதம் மாறுபவர்களுக்கும் இதே கணக்கு நேரடியாக ஒத்துவராது. அவர்கள் கடந்த 12 மாதங்களில் குறைந்த வருமானம் வந்த மாதத்தை 100 என்று வைத்துத் தொடங்க வேண்டும்.

கார்டு முடிந்த பிறகு மாதம் 10 கையில் நிற்கிறது. அதில் 3ஐத் தனிக் கணக்கு ஒதுக்கீட்டில் சேர்த்து 9 ஆக்கியிருக்கிறார். 5 அவசரகாலச் சேமிப்புக்கு. ஒரு மாத நிலையான செலவு அளவு, அதாவது 60, சேரும்வரை அது தொடரும். மீதி 2 சில்லறைச் செலவுக்கு. வெளியே போக 6 இருக்கிறது, கடனில் இருந்த காலத்தைவிட அதிகம்.

சம்பள உயர்வு இன்னும் வரவில்லை. ஆனால் அதற்கான முடிவு எடுத்தாகிவிட்டது: வருகிற உயர்வில் பாதி, வருகிற மாதமே, தானாகச் சேமிப்புக்குப் போகும். ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், வரப்போகும் சம்பள உயர்வுகளில் ஒரு பகுதியை முன்கூட்டியே சேமிப்புக்கு ஒப்புக்கொடுத்த ஊழியர்களின் சேமிப்பு விகிதம் 40 மாதங்களில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. கைக்கு வந்து பழகாத பணத்தை ஒதுக்கும்போது இழப்பாகத் தெரிவதில்லை. வங்கியில் அதற்கான படிவத்தை அவர் இப்போதே நிரப்பி வைத்திருக்கிறார், தொகை எழுதும் இடம் மட்டும் காலியாக இருக்கிறது.